அழுத இடத்தில் கொடுக்கணும்

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி அண்ணாச்சி, எங்கள் தெருக் கமிட்டியின் செயலாளரான, பாங்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த இளவட்டம், பிறகு கருப்பட்டிக்கார அக்கா. ஆறு பேர். என் மகள் தொட்டிலில் தூங்கினாள். அவளையும் சேர்த்தால் ஏழு.

இவர்களில் ஒருவர் என்னை வீட்டை விட்டு அனுப்பக்கூடியவர். இன்னொருவர் வேலையை விட்டு அனுப்பக்கூடியவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வாசலில் செருப்பைக் கழற்றினால் நான் எப்படிப் பயந்து சாவேன் என்று என் மனைவிக்குத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கும் பயம்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பு சாரின் குரல் எட்டாம் வகுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

ஆனால் அன்றைக்கு அவர்கள் தேடி வந்தது அக்காவை. அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைச் சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாது. கேட்டால், “கருப்பட்டின்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன்” என்பாள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கி, திருநெல்வேலி டவுணில் தெருத் தெருவாக விற்று, மிச்சத்தைக் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரம் வரைக்கும் கொண்டுபோவாள். அங்கே அப்பளக்கட்டு வாங்கிக்கொண்டு மறுபடி கிழக்கே கடற்கரைக்கு. தலையில் ஓலைப்பெட்டி. ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலையில் குனியாமல் ஒருநாளும் நுழைந்ததில்லை. குனிந்தும் பாதி நாள் பெட்டி இடிக்கும். “உன் வீட்டு நிலைக்கும் எனக்கும் என்ன பகை தம்பி?” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்காருவாள்.

கருப்பட்டி வட்டை எடுத்து விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பாள். “சீனி கலந்தது ஊமை. இது பேசுது பாரு” என்பாள். நாங்கள் காதைக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் வாங்குவோம்.

அவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்பது எங்கள் தெருப் பெண்களுக்குத் தீராத வழக்கு. என் மனைவி ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே கண்ணாக இருந்தாள். நெற்றியில் பொட்டோ திருநீறோ இல்லை. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் இரண்டு ஊக்கு. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டாள், மழைக்கும் அப்படியே. தேர் போகும்போது ஓரமாக நின்றாள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் மணி அடித்தபோது பேச்சை நிறுத்தினாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோதும் நிறுத்தினாள். கடைசியில் மனைவி நேராகவே கேட்டுவிட்டாள்.

“எக்கா, நீங்க யாரக் கும்பிடுதிய?”

“எனக்கு எல்லாரும் வாடிக்கைதான் தாயி.”

“அதெப்படி? உங்களுக்குன்னு ஒரு சாமி இருக்கும்லா?”

“இருக்கும். அவுகளுக்கு நான் என்ன தரணும்னு எனக்குத் தெரியும். உனக்கு ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?”

எல்லாரும் வாடிக்கை என்று அவள் சொன்னதில் பொய் இல்லை. கருப்பட்டி விற்றதைவிட அவள் அதிகமாகச் சுமந்தது பிறத்தியார் நேர்ச்சையைத்தான்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு நடைமுறை. உயிர் போகிற நேரத்தில் யாரும் மதம் பார்ப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துக் கட்டில்காரி எந்தச் சாமி பெயரைச் சொல்கிறாளோ அதை நாமும் சொல்லிவிடுவோம். காய்ச்சல் விட்ட பிறகுதான் வெட்கம் வரும். சிவன் கோயில் தெருக்காரி உவரி வேதக்கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு எப்படிப் போவாள்? பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்? போகாமல் இருந்தாலோ, கொடுக்காத நேர்ச்சை நெஞ்சில் கிடந்து அரிக்கும். அந்த மாதிரி அரிக்கிறவர்கள் அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் போகிற வழிதானே. திருச்செந்தூர், உவரி எல்லாம் கிழக்கே. பொட்டல்புதூர் பள்ளிவாசல் மேற்கே.

அதற்கு அவள் ஒரு சல்லிக்காசு வாங்கியதில்லை. ஆனால் இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஒன்று, காணிக்கையைக் கடைக் காகிதத்தில் சுற்றித் தரக்கூடாது. வீட்டில் உடுத்திப் பழகின துணியில் முடிந்து தர வேண்டும். “அங்கன கொண்டு அவுக்கையில உங்க வீட்டு வாசம் அடிக்கணும். இல்லன்னா கடைக்காரன்லா குடுத்ததாப் போவும்?” அந்த முடிச்சின் மேல் அவளே ஒரு நூல் கட்டுவாள். வெள்ளை நூல் உவரிக்கு, பச்சை பொட்டல்புதூருக்கு, மஞ்சள் செந்தூருக்கு.

இன்னொன்றுதான் பெரியது. இடம் மாற்றக்கூடாது.

இதில் நான் மாட்டிக்கொண்டேன். என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனைவி உவரிக்கு நேர்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் பயப்படுவேன் என்று. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் தெரிந்தது. எனக்கு உடனே கணக்கு ஓடியது. முதலாளி அண்ணாச்சி காதில் விழுந்தால்? வீட்டுக்காரர் கேள்விப்பட்டால்? அக்காவிடம் நைசாகப் பேச்சை எடுத்தேன்.

“எக்கா, இந்தா இருக்கு நெல்லையப்பர் கோயில். அதுலயே உண்டியல்ல போட்டுருதேனே. எல்லாச் சாமியும் ஒண்ணுதானே?”

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“ஒண்ணுன்னா எதுக்குத் தம்பி இத்தன பேரு? மளிகைக் கடையில கடனுக்கு அரிசி வாங்குவ. காசக் கொண்டு எண்ணெய்க் கடையில குடுப்பியா? ரெண்டும் கடைதானேன்னு?”

“அதுக்கில்லக்கா...”

“யார்ட்ட அழுதியளோ அவுகட்டதான் குடுக்கணும். அந்த நேரத்துல காது குடுத்தது அவுக. இப்போ பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொண்டு குடுத்தா ரெண்டு பேருக்கும் மரியாதக் குறைச்சல்.”

எல்லாம் ஒன்று என்று சொல்வது பெரிய மனது என்று நான் நினைத்திருந்தேன். நிறையப் பேர் மேடையில் அப்படித்தான் பேசுகிறார்கள். அக்காவுக்கு அது ஏமாற்று வேலை. ஒவ்வொருவருக்கும் தனி வாசல், தனிப் பெயர், தனிப் பலகாரம் உண்டு. அதில் ஒன்றைக்கூடக் குழப்பக்கூடாது. அதே சமயம் ஒரு வாசலையும் தாண்டிப் போகக்கூடாது. அவள் மதம் இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

மேலப்பாளையத்தில் ஜமுக்காளம் நெய்கிற ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா, மகன் வெளிநாட்டிலிருந்து நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று பக்கத்துத் தெரு அம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அம்மாவின் கடனாயிற்றே. அவர் தேங்காயைத் துணிப்பைக்குள் வைத்து பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நீட்டினாராம். “யாத்தா, ஜமாத்துல தெரிஞ்சா ஒரு மாதிரியாப் போயிரும்.” அக்கா தேங்காயை வாங்கிக் கருப்பட்டி மாதிரியே முட்டியால் தட்டிப் பார்த்தாள். “முத்தின காய்தான். நல்லா உடையும். கவலப்படாதீக.” அம்மனுக்கு உடைத்துவிட்டு, ஒரு மூடியைச் சில்லாக்கி அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். “அவுக உங்க பங்கத் திருப்பித் தந்திருக்காக.” அவர் மறுக்காமல் அங்கேயே நின்று தின்றார் என்றாள். இதைக்கூட ஆள் பெயரையும் தெருப் பெயரையும் உருவிவிட்டுத்தான் சொன்னாள். யாருடையது, எந்த வீடு என்று மட்டும் அவள் வாயிலிருந்து வராது.

பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர். அவர்கள் சபையில் புனிதர்களிடம் வேண்டுவது கிடையாது. அந்த டீச்சரும் உவரிக்குத்தான் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பினார். “அதுவும் வேதக்கோயில்தானே, அவுகளுக்கு என்னக்கா கூச்சம்?” என்று மனைவி கேட்டாள். “கூடப் பிறந்தவன் வீட்டுக்குப் போறதுலதான் தாயி கூச்சம் சாஸ்தி” என்றாள் அக்கா.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடு. ஊரில் காற்று சரியில்லாத காலம். எங்கேயோ ஓர் ஊர்வலத்தில் கல் விழுந்தது, யார் எறிந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருவிலும் ஒரு கமிட்டி முளைத்தது. எங்கள் தெருக் கமிட்டிக்கு வீட்டுக்காரர் தலைவர், அண்ணாச்சி பொருளாளர், அந்த இளவட்டம் செயலாளர். யாரிடம் சாமான் வாங்குவது, யார் தெருவுக்குள் வரலாம் என்றெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அந்த வேளையில் செயலாளர் யாரோ சொல்லக் கேட்டு வந்தான்: கருப்பட்டிக்காரியைப் பொட்டல்புதூரில் சர்க்கரைத் தட்டோடு பார்த்தார்கள், அதே வாரம் உவரியில் மெழுகுவர்த்தியோடு பார்த்தார்கள்.

அக்கா எங்கள் வீட்டில்தான் பெட்டியை இறக்கித் தண்ணீர் குடிப்பாள். மூன்று பேரும் அங்கேயே வந்துவிட்டார்கள். நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், சோற்றுக் கையோடு எழுந்து நின்றேன். மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இருந்தது ஒரே நாற்காலி. அதில் அண்ணாச்சி உட்கார்ந்தார், முழங்கால் வலிக்காரர் என்பதால்.

செயலாளர்தான் ஆரம்பித்தான். “ஏ பொம்பள, எங்க தெருப் பொம்பளைகள மதம் மாத்துதியாமே? எவன் உனக்குக் காசு குடுக்கான்?”

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். “எனக்கு உடன்குடி ஏவாரிக்கே காசு பாக்கி தம்பி. எனக்கு யாரு குடுப்பா?”

“வாயப் பாரும் வே” என்றார் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து. நான்தான் பேசினேன் என்பது போல எனக்கு வியர்த்தது.

“பெட்டியில என்ன இருக்கு?”

“கருப்பட்டி. அடியில பிறத்தியார் பொருள்.”

“யாரு குடுத்தது? பேரச் சொல்லு. இப்பவே விட்டுருதோம்.”

“அது சொல்லதுக்கில்ல.”

“சொல்லலன்னா நாளையிலேருந்து நம்ம தெருவுல மட்டுமில்ல, நாலு ரத வீதியிலயும் நீ காலெடுத்து வைக்க முடியாது. எல்லாக் கமிட்டிக்கும் சொல்லிருவோம்.”

நாலு ரத வீதிதான் அவளுக்கு ஏவாரம். அது போனால் உடன்குடியில் இருந்து ஏற்றிவரச் சரக்கும் வேண்டியதில்லை, பஸ்சும் வேண்டியதில்லை. அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு, “சரி, வைக்கல. ஆனா பெட்டியில கிடக்கிறத உரிய இடத்துல சேத்துட்டு, சேத்தாச்சுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போவேன். அதுக்கு ஒரு வாரம் தாங்க” என்றாள்.

அழுகையோ வாதமோ இல்லை. கடைக்காரரிடம் தவணை கேட்கிற மாதிரிக் கேட்டாள். என் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் உவரி முடிச்சு முந்தின மாதமே போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் நான் அந்த நேரத்தில் தெரிந்த எல்லாப் பெயரையும் உள்ளுக்குள் கூப்பிட்டேன். யாரை முதலில் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

செயலாளர் குனிந்து பெட்டியை இழுத்தான். மேலே கிடந்த கருப்பட்டி வட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தான். அடியில் மூன்று துணி முடிச்சுகள். முதல் முடிச்சைத் தூக்கிப் பிடித்தான். வெள்ளை நூல். காவிக் கரை போட்ட ஒரு துண்டின் பாதி.

“ஏலே, இது என் துண்டுல்லா! இத எங்கெல்லாம் தேடு...” என்று பக்கத்தில் நின்ற என்னிடம் வாய்க்குள் ஆரம்பித்த அண்ணாச்சி அப்படியே நிறுத்திவிட்டார்.

முடிச்சு அவிழ்ந்து, தகட்டில் வெட்டின ஒரு சின்ன வெள்ளிக் கால் தரையில் விழுந்தது. முழங்கால் வரைக்கும் உள்ள கால். அண்ணாச்சியின் கை அவர் அறியாமல் அவருடைய முழங்காலுக்குப் போயிற்று. ஆறு மாதமாக வலி குறைந்திருப்பதாகக் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியர் எண்ணெய் என்று நினைத்திருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, உவரிக்கு நேர்ந்தது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

“சரி, சரி. கட்டி உள்ள வையுடே. நேரமாவுது” என்றார்.

“என்ன அண்ணாச்சி, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கோம்?” என்று அவன் இரண்டாவதை எடுத்தான். பச்சை நூல். ஊதா நிறச் சுங்குடிச் சேலையின் கிழிசல். அந்தச் சேலையை எங்கள் மாடிக் கொடியில் வாரம் ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா உடுத்துவது. அதை வீட்டுக்காரர் பார்க்காமல் இருக்க முடியுமா? முடிச்சின் இடுக்கில் வெள்ளியில் ஒரு குட்டித் தொட்டில் தெரிந்தது. கல்யாணமாகி வருடக்கணக்காகப் பிள்ளை இல்லாமல் இருந்த அவர் மகள், அப்போது பம்பாயில் ஆறு மாதக் கர்ப்பம். பொட்டல்புதூருக்கு நேர்ந்து கிடைத்த பிள்ளை என்று அம்மா மட்டும் அறிந்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “தம்பி, அண்ணாச்சி சொல்லுததும் சரிதான். ஒரு பொம்பள பெட்டியப் போட்டுக் கிண்டுதது நமக்கு மரியாதை இல்ல.”

“நீங்கதானே ஐயா வரச் சொன்னிய!”

“சொன்னேன். இப்போ போதும்ங்கேன்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பெரியவர்களும் பின்வாங்கினதில் முகம் சிவந்துபோய், மூன்றாவது முடிச்சை ஒரே இழுப்பில் எடுத்தான். அதுவும் பச்சை நூல். வெளிர்நீலச் சட்டையின் பைத்துணி. பையின் மூலையில் கைவிரல் அளவுக்கு ஒரு மைக்கறை.

அவன் அவிழ்க்கவில்லை. அந்தக் கறையையே பார்த்தான். அப்பா இல்லாத பிள்ளை அவன். இட்லி சுட்டு விற்று வளர்த்த அம்மா. முதல் பாங்குப் பரீட்சையில் பேனா ஒழுகி, அழுதுகொண்டே வந்த சட்டை என்று தெருவுக்கே தெரியும். அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டதாகத்தான் அவன் நினைத்திருப்பான். அந்தப் பைக்குள் அம்மா அவன் வேலைக்காக எதையோ முடிந்து பொட்டல்புதூருக்கு அனுப்பியிருக்கிறாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீடு மட்டும்தான் என்று நினைத்திருக்க வேண்டும். அக்காவை விட்டால் எல்லாவற்றையும் கண்டது நானும் மனைவியும்தான். நான் தொட்டிலை ஆட்டுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

செயலாளர் கீழே உட்கார்ந்து, விழுந்த வெள்ளிக் காலை எடுத்துத் துண்டில் வைத்துக் கட்டப் பார்த்தான். முடிச்சு நிற்காமல் நூல் நழுவியது.

அக்கா அதுவரைக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய வீட்டுத் துணி யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஒரே வார்த்தையில் மூன்று பேரையும் தலைகுனிய வைத்திருக்கலாம்.

“அப்படி இல்ல தம்பி. ரெண்டு சுத்துச் சுத்திப் பைய இழு. வெடுக்குன்னு இழுத்தா அறுந்துரும்” என்றாள்.

அவன் அப்படியே செய்தான். மூன்று முடிச்சையும் அடியில் அடுக்கி, கருப்பட்டியை ஒவ்வொன்றாக மேலே வைத்து, பெட்டியைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டதும் அவன்தான்.

வாசலில் நின்று வீட்டுக்காரர் கேட்டார், தெருவைப் பார்த்துக்கொண்டே. “அந்த ஒரு வாரத் தவணை கேட்டியே... எல்லாம் ஒழுங்காப் போய்ச் சேந்துருமா?”

“சேந்துரும் ஐயா. எதுவும் இடம் மாறாது.”

“சேத்துட்டு வந்து சொல்லு. வார வாரம் வாரது போல வா.”

கமிட்டி அதற்குப் பிறகும் கூடியது. பேச்சு சாக்கடை, தெருவிளக்கு என்று போயிற்று. கருப்பட்டி பற்றி யாரும் எடுக்கவில்லை. மற்றத் தெருக்களுக்கும் எங்கள் கமிட்டி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணாச்சி கடையில் முழங்கால் வலி குறைந்த கதையைச் சொல்லும்போது எண்ணெயின் பெயரை விட்டுவிட்டார். பம்பாயில் பெண் குழந்தை பிறந்தது. செயலாளருக்கு அந்த முறை வேலை கிடைக்கவில்லை, அடுத்த முறைதான் கிடைத்தது. அவன் அம்மா அதற்கு யாரிடம் நேர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உத்தரவு வந்த அன்று அவனே ஒரு துணி முடிச்சோடு எங்கள் வீட்டில் அக்காவுக்காகக் காத்திருந்தான். பச்சை நூலை அவனே கேட்டு வாங்கிக் கட்டினான், இரண்டு சுற்று.

அக்கா ஒருநாள் வழக்கம் போல் நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டு வந்தாள். மனைவி இரண்டு கிலோ வாங்கினாள். நான் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவளிடம் சில்லறை இல்லை. “கிடக்கட்டும். அடுத்த வாரம் முப்பத்தாறு ரூவா தா” என்று போனவள் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பஸ் கண்டக்டர்களிடம் கேட்டேன், உடன்குடி வியாபாரிகளிடம் ஆள் விட்டுக் கேட்டேன். பெயர் தெரியாத ஒருத்தியை எப்படிக் கேட்பது? உயரமான கருப்பட்டிக்காரி என்று கேட்டால் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இரண்டு ராத்திரி தூக்கம் இல்லாமல் போனதைப் பார்த்து மனைவி சொன்னாள்: “பேசாம ஏதாவது உண்டியல்ல போட்டுருங்களேன்.” எந்த உண்டியலில்? அவள் யாரைக் கும்பிட்டாள் என்றே எங்களுக்குத் தெரியாதே. தெரிந்திருந்தாலும் அவள் சம்மதிக்க மாட்டாள். கடன் அவளிடம் பட்டது. மனைவி மகளின் பழைய கவுன் துணியைக் கிழித்து, பணத்தை அதில் முடிந்து அலமாரியில் வைத்தாள். வீடு மாறினோம். முடிச்சும் கூடவே வந்தது.

தொட்டிலில் தூங்கினவள் இப்போது உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் படித்த படிப்பை நினைத்தாலே எனக்குப் படபடக்கும். போன வாரம் போனில் சொன்னாள். “அப்பா, இங்கன ஒரு வீட்டு வாசல்ல வயசான பாட்டி ஒண்ணு இருக்கு. கண்ணு அவ்வளவாத் தெரியல. பேத்தி கருப்பட்டி விக்கா. ஒவ்வொரு வட்டையும் பாட்டிட்ட நீட்டுதா, பாட்டி விரலால தட்டிக் காதுல வச்சுட்டு, ‘இது பேசுது, இது ஊமை’ன்னு சொல்லுது.”

“உயரமாம்மா?”

“உக்காந்திருக்கு அப்பா, எப்படித் தெரியும்? ஆனா நெத்தியில ஒரு பழைய வடு இருக்கு, இடிச்ச மாதிரி.”

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் முதல் பஸ்சில் போகிறோம். அவளாக இருக்குமா, இருந்தால் என்னைத் தெரியுமா என்று வழக்கம் போல் பயந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கருப்பட்டி விலையே வேறு. கூட்டிக் கொடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். வட்டி போட்டு நீட்டினால் அக்கா வாங்க மாட்டாள் என்றாள். அதுவும் சரிதான். முடிச்சை அவிழ்த்து ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிப் பைய இழுத்துக் கட்டிவிட்டேன்.

பாக்கி முப்பத்தாறு ரூபாய்.